தாம்பரம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: அரசு ஆஸ்பத்திரியில் எந்த வாசல், எந்த வரிசை

குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், முடிச்சூர் என்று வாடகைக்கு வீடு பிடித்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தண்ணீர் லாரிக்காரரின் எண்ணையும் கேஸ் ஏஜென்சியையும் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியை மட்டும் யாருக்காவது நெஞ்சு வலித்த ராத்திரிதான் தேடுகிறார்கள். அப்போது கண்ணில் படுவது ஜிஎஸ்டி ரோட்டில் பளிச்சென்று விளக்குப் போட்டு நிற்கும் தனியார் ஆஸ்பத்திரிதான். பக்கத்திலேயே அரசு ஆஸ்பத்திரிகள் இருப்பது தெரிந்தவர்களும் "அங்கே போனால் யாரைக் கேட்பது, எங்கே நிற்பது" என்று தயங்கி விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கிடையாது, ஆனால் வழி தெரியாதவருக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சர்க்கரை உள்ள என் அம்மாவை மாதா மாதம் கூட்டிப்போய், பல நாட்களைத் தொலைத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த ஆஸ்பத்திரி?

ஆட்டோவில் ஏறி "ஜிஹெச் போங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரி என்ற பேச்சுக்கு மூன்று நான்கு பொருள் உண்டு.

பழைய ஆட்கள் ஜிஹெச் என்றால் அது குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரி. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தலைநகரான செங்கல்பட்டிலோ ஏற்கெனவே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதனால் மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி நம் பக்கம் வந்தது. அதற்கான பெரிய புதுக் கட்டடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆகவே கிளம்புவதற்கு முன்பே, உங்களுக்கு வேண்டிய பிரிவு பழைய இடத்திலா புது இடத்திலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கர்ப்பிணியோ சர்க்கரை மாத்திரை வாங்கும் தாத்தாவோ இருந்தால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் 104க்குப் போன் போடலாம். அது அரசின் மருத்துவ ஆலோசனை எண், புகாரும் அதிலேயே சொல்லலாம்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த டிபி ஆஸ்பத்திரி வேறு. அதன் இன்றைய பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அது மத்திய அரசுடையது. இவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாதாரணச் சளி காய்ச்சலுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். உங்கள் வார்டுக்கு அருகில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ நலவாழ்வு மையமோ இருக்கும். நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரை, மறுபடி மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த மாலை நேரம் பெரிய வசதி. பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் பாதி, இங்கே பார்த்துக்கொள்ளக்கூடிய கூட்டம் என்பது என் எண்ணம்.

ஓபி சீட்டு

புறநோயாளிப் பிரிவு காலையில்தான். ஏழரை, எட்டுக்குத் தொடங்கி மதியம் பன்னிரண்டோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்குப் போய் நின்றால் டாக்டரைப் பார்த்துவிடலாம், ஆனால் அவர் எழுதும் ரத்தப் பரிசோதனை அன்றைக்கு நடக்காது. திங்கட்கிழமை கூட்டம் அதிகம். ஞாயிறு விட்டு வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அவசரமில்லை என்றால் வியாழன், வெள்ளி நல்லது.

முதல் வரிசை சீட்டுக்கு. பெயர், வயது, ஊர், செல்போன் எண் கேட்பார்கள். என்ன தொந்தரவு என்றும் கேட்பார்கள், அதை வைத்துத்தான் எந்த அறைக்கு அனுப்புவது என்று முடிவாகும். அங்கே நின்று முழுக் கதையும் சொல்லவேண்டாம். "காது வலி", "முட்டி வலி", "சுகர் மாத்திரை" என்று இரண்டு வார்த்தை போதும். சீட்டுக்குப் பணம் கிடையாது. ஆதார் அட்டையின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும், எங்காவது ஓர் இடத்தில் கேட்பார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை உண்டா என்று வாயைத் திறந்து கேளுங்கள். அறிவிப்புப் பலகை தூணுக்குப் பின்னால் இருக்கும், யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது வரிசை டாக்டர் அறை வாசலில். மூன்றாவது வரிசை மாத்திரைக்கு. நடுவில் ஊசியோ கட்டுப் போடுவதோ பரிசோதனையோ வந்தால் நான்காவதும் உண்டு. இரண்டு பேராகப் போவது எவ்வளவு உதவி என்பது மாத்திரை கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியும்.

டாக்டருக்கு உங்களுக்காகக் கிடைப்பது சில நிமிடம். என்ன சொல்லவேண்டும் என்பதை வெளியே நிற்கும்போதே மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: எத்தனை நாளாக, எங்கே, ஏற்கெனவே என்ன மாத்திரை. பழைய மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். "வெள்ளையா ஒரு மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

சர்க்கரை கணக்கு

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகவேண்டும். ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

சர்க்கரைக்கு இரண்டு முறை ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் தடவை போகிறவர் காலையில் காபியைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்து நிற்பார். டாக்டர் பரிசோதனை எழுதுவார். லேபில் "சாப்பிட்டாச்சா? நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒரு நாள் போச்சு. மறுநாள் வெறும் வயிற்றோடு ஒன்பதரைக்கு வந்தால், ரத்தம் கொடுத்து வெளியே இட்லி சாப்பிட உட்காரவே பத்தேகால் ஆகிவிடும். அடுத்த ரத்தம் பன்னிரண்டேகாலுக்கு. ரிசல்ட் கைக்கு வரும்போது டாக்டர் எழுந்து போயிருப்பார். இன்னொரு நாளும் போச்சு.

ஆகவே முதல் நாள் போய்ப் பரிசோதனைச் சீட்டை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் ஏழரைக்கே லேப் வாசலில் நில்லுங்கள். டிபன் பாக்ஸில் சாப்பாடு, காலையில் போடும் சர்க்கரை மாத்திரை, தண்ணீர் எல்லாம் பையில் இருக்கட்டும். ரத்தம் கொடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, சாப்பிடத் தொடங்கிய நேரத்தைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எட்டுக்குச் சாப்பிட்டால் பத்துக்கு இரண்டாவது ரத்தம், பதினொன்றுக்கு மேல் ரிசல்ட், பன்னிரண்டுக்குள் டாக்டர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதா, போடாமலா என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தொற்றா நோய்ப் பிரிவு என்று தனி அறை இருக்கும். அங்கே ஒரு முறை பதிந்துவிட்டால் மாதா மாதம் மாத்திரை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடக்கமுடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வாடகை வீடு மாறினால் அவர்களுக்குத் தகவல் சொல்ல மறக்காதீர்கள். நாங்கள் மறந்து இரண்டு மாதம் அலைந்தோம், தப்பு எங்களுடையதுதான்.

மாத்திரை கவுண்டர்

சிறு துணிப்பையும், டானிக் போன்ற மருந்துக்கு ஒரு காலி பாட்டிலும் எடுத்துப்போவது பழைய பழக்கம். இன்றும் கைகொடுக்கும். மாத்திரையைக் கொடுக்கும்போது "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். நகர்வதற்கு முன் ஒரு பேனாவால் அட்டை மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இலவச மாத்திரை தரம் குறைந்தது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994இல் தொடங்கிய ஓர் அமைப்புதான் மாநிலம் முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குகிறது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே அனுப்புவார்கள். வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. மருந்தின் வேதிப்பெயர்தான் அட்டையில் பெரிதாக இருக்கும். நீங்கள் கடையில் வாங்கிப் பழகிய கம்பெனிப் பெயர் இருக்காது. அதனால் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இந்தத் தவறு நிறைய நடக்கிறது.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம்: எல்லாமே இலவசம் இல்லை. எக்ஸ்ரே, இசிஜி, சாதாரண ரத்தப் பரிசோதனைகளுக்குப் பணமில்லை. சிடி ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்ஆர்ஐக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் வெகுகாலமாகக் கட்டணம் இருந்து வருகிறது. அதற்கு ரசீது தருவார்கள். வெளியே கேட்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் சேர்ந்த உள்நோயாளி என்றால் அதுவும் கட்டவேண்டியதில்லை.

ராத்திரியில், அவசரத்தில்

ஓபி மூடினாலும் அவசர சிகிச்சைப் பிரிவு மூடாது. கேஷுவாலிட்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே சீட்டுக்கு வரிசையில் நிற்கவேண்டாம். நோயாளியை உள்ளே விட்டுவிட்டு, ஒருவர் மட்டும் பதிவுக்குப் போனால் போதும்.

108 ஆம்புலன்ஸ் 2008இலிருந்து ஓடுகிறது. அழைக்கும்போது தெருப் பெயரைவிட அருகில் தெரிந்த அடையாளம் ஒன்றைச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் ஒவ்வொரு நகரிலும் பாரதி தெரு, காந்தி தெரு இருக்கிறது. கோவில், பள்ளி, லெவல் கிராசிங், எது கண்ணில் படுமோ அது. தெருமுனையில் ஒருவர் போய் நிற்கட்டும்.

ஜிஎஸ்டி ரோட்டில் விபத்து என்றால் பணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில், 2021 டிசம்பரிலிருந்து, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அப்படியே. காப்பீட்டு அட்டை இருக்கவேண்டும் என்றில்லை, வெளிமாநிலத்தவராக இருந்தாலும் சரி. விபத்து, அடிதடி, விஷம் என்று வந்தால் டாக்டர் ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்று ஒரு பதிவு போடுவார். போலீசுக்கும் தகவல் போகும். அதைக் கண்டு பயந்து, "மாடிப்படியில் விழுந்துட்டார்" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். பிற்பாடு இழப்பீடு கேட்கப் போகும்போது அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும்.

நாய்க்கடி இந்தப் பகுதியில் அன்றாடச் சங்கதி. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரி. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று ஊசி. காயம் ஆழமென்றால் அன்றே காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். அந்த ஊசிச் சீட்டைத் தொலைக்காதீர்கள். மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டு "நாய் நல்லாத்தான் சுத்திட்டு இருக்கு" என்பவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 28ஆம் நாள் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள்.

வார்டில் சேர்த்தால்

பாய், போர்வை, தட்டு, டம்ளர், பிளாஸ்க், சிறு வாளி, மக்கு, செல்போன் சார்ஜர். நோயாளிக்குக் கட்டில் உண்டு, துணைக்கு இருப்பவருக்குத் தரைதான். நோயாளிக்கு பால், ரொட்டி, சாப்பாடு கொடுப்பார்கள். உங்களுக்கு வெளியேதான்.

பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்கலாம், ராத்திரியில் ஆண்களை விடமாட்டார்கள். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் இதில்தான் திணறிப்போகின்றன. ஊரிலிருந்து அம்மாவோ அண்ணியோ வந்து சேர ஒரு நாளாவது ஆகும். அதுவரைக்கும் வர ஒத்துக்கொள்ளும் ஓர் அக்காவைத் தெருவில் இப்போதே பழக்கம் பிடித்து வையுங்கள். பிரசவ வார்டில் இது இன்னும் கண்டிப்பு.

நர்சை சிஸ்டர் என்று கூப்பிடுங்கள். வேலை செய்யும் பெண்களை "ஏய்", "ஆயா" என்று கூப்பிடுவதைவிட "அக்கா", "அம்மா" என்றால் மனசு இளகும். யாராவது தள்ளுவண்டி தள்ளக் காசு கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை. பல வருடம் முன்பு வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார்கள், பதற்றத்தில் கொடுத்துவிட்டேன். இப்போது கேட்டால் நானே தள்ளிக்கொண்டு போவேன். வற்புறுத்தினால் ஆர்எம்ஓ எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர் அறைக்குப் போய்ச் சொல்லலாம்.

பிரசவத்துக்கு வருகிறவர்கள் கர்ப்பம் உறுதியானதுமே பகுதிச் செவிலியரிடம் பதிந்து ஆர்சிஎச் எண் எனப்படும் கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் துரத்தும். தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாக வரும். அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி உண்டு, ஆட்டோ பிடிக்கவேண்டாம். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவு 21 நாளுக்குள் நடக்கட்டும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் தாள்தான் நீங்கள் வெளியே எடுத்துவருவதில் விலை மதிப்பானது. வாங்கியதும் பெயர், வயது, தேதி சரியா என்று அங்கேயே படித்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு அட்டை, நோய் வருவதற்கு முன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியவேண்டும். விசாரிக்க 1800 425 3993. ரேஷன் கார்டு இன்னும் ஊர் முகவரியிலேயே இருக்கிறதே என்று குடிவந்தவர்கள் தயங்குவார்கள். காப்பீட்டு அட்டை மாநிலம் முழுக்கச் செல்லும், ஆகவே ஊரில் ஏற்கெனவே எடுத்திருந்தால் இங்கேயும் அதுவே போதும். படுத்த பிறகு ஓடுவதைவிட, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முடித்துவிட்டு வருவது சுலபம்.

சானடோரியத்துக்குள்

டிபி ஆஸ்பத்திரியை டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928இல் தனியார் சானடோரியமாகத் தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். மரநிழலும் நல்ல காற்றும் சத்துணவும்தான் வைத்தியம். 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றும் உள்ளே நடந்தால், ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதா என்று தோன்றும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது என்றால் தயங்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும், எச்சில் உதவாது. மருந்து முழுக்க இலவசம், குறைந்தது ஆறு மாதம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500ஆக இருந்தது. 1993இலிருந்து எச்ஐவி தொற்றுள்ளவர்களை ஏற்றுப் பார்த்துவரும் இடமும் இதுதான். வேறு ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திய காலம் அது. பரிசோதனை செய்துகொள்ள விரும்புகிறவர்கள் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் "நம்பிக்கை மையம் எங்கே" என்று கேட்டால் போதும், விவரம் வெளியே போகாது.

சித்த மருத்துவ நிறுவனம் 2005 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். புறநோயாளிப் பிரிவு காலை 8 முதல் 12 வரை, ஞாயிறும் உண்டு. முட்டி வலி, தோல் நோய், வாதம் என்று தொலைதூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே ஆங்கில மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை இங்கே மறைக்காதீர்கள், இங்கே வாங்கும் சூரணத்தை அங்கேயும் மறைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவது ஆபத்து.

மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால்

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்தால் கலங்கவேண்டாம். 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நம் பீச் லைன்தான் இதற்கும் வழி. கிண்டியில் இறங்கினால் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. இதயம், சிறுநீரகம், மூளை நரம்பு போன்றவற்றுக்காக 2023 ஜூனில் 1,000 படுக்கைகளோடு திறந்தது. நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம், பஸ்ஸோ ஆட்டோவோ வேண்டும். எழும்பூரில் இறங்கினால் குழந்தைகள் ஆஸ்பத்திரியும், 1819இல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரியும். பார்க் நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, நடக்கும் தூரம்தான். எதிர்த்திசையில் ஏறினால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

நோயாளி படுத்த நிலையில் இருந்தால் ரயில் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே 108இல் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எழுதிக் கொடுத்த தாள், எக்ஸ்ரே, ரத்த ரிசல்ட் மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று வண்டி கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் போகிறவர்கள் அங்கே காலை எட்டரைக்குள் போய்ச் சேரவேண்டும். அதற்கு தாம்பரத்திலேயே ஏறுவது நல்லது. குரோம்பேட்டையில் ஏறினால் அந்த நேரத்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும்.